அந்தக் கட்டம் காலியா இருந்தது

மேனேஜர் ஆனதும் நம்மள ஒரு பீப்பிள் மேனேஜ்மென்ட் ட்ரெயினிங்குக்கு அனுப்புவாங்களே, இன்னைக்கு அதைப் பத்திதான்.

டீம் லீட் ஆன புதுசுல நானும் ரெண்டு நாள் உட்கார்ந்தேன். "மனசைப் புரிஞ்சுக்கோங்க, காது கொடுத்துக் கேளுங்க"ன்னாங்க. சரி, திங்கட்கிழமை காலையில முதல்ல என்ன செய்யணும்? அது எந்த ஸ்லைடுலயும் இல்லை. நம்மள மாதிரி ஆளுங்களுக்கு ஸ்டெப், செக்னு இருந்தாதான் மண்டையில ஏறும்.

இரண்டாம் உலகப்போர் சமயத்துலயே இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சிருக்காங்க. 1940-லிருந்து 1945 வரை அமெரிக்காவில் 'ட்ரெயினிங் விதின் இண்டஸ்ட்ரி'ன்னு ஒரு அரசுத் திட்டம், தொழிற்சாலை சூப்பர்வைசர்களுக்காக. பிறகு ஜப்பானுக்குப் போய் டொயோட்டாவிலும் வேர் பிடிச்சது. அதில் 'ஜாப் ரிலேஷன்ஸ்' என்ற பாடம் மொத்தமே 10 மணி நேரம். கையில ஒரு சின்ன அட்டை, அதில் நாலு ஸ்டெப்: விவரம் சேகரி, எடைபோட்டு முடிவெடு, நடவடிக்கை எடு, பலனைச் சரிபார்.

நம்ம ஏரியாவுக்கு இந்த மாதிரி யோசனை புதுசில்லை. பாடியில இருந்த சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு 1998-ல டெமிங் பரிசு வாங்கினது, இந்தியாவுலயே முதல்முறையா. அம்பத்தூர் எஸ்டேட்ல தரக்கட்டுப்பாடு பார்க்கிற ஒருத்தர்கிட்ட இந்த அட்டையை நீட்டினா, "இது நம்ம பிடிசிஏ தானே சார்"ம்பார்.

ஆனா முதல் ஸ்டெப்லயே ஒரு வரி இருக்கு: அந்த ஆளோட கருத்தையும் உணர்வையும் கேட்டுத் தெரிஞ்சுக்கணும். அதுவும் விவரம்தான். நான் மாட்டினது அங்கதான்.

டீம்ல ஒரு தம்பி, ஆவடியிலிருந்து ட்ரெயின்ல வருவான். ஒன்பதரை மணி ஸ்டாண்டப்புக்கு மூணு வாரமா லேட். தேதி, நிமிஷம் எல்லாம் எக்செல்ல குறிச்சேன். பக்கா டேட்டா! அதைக் காட்டித்தான் பேசினேன். அடுத்த வாரமே பேப்பர் போட்டுட்டான். கடைசி நாள் டீக்கடையில சொன்னான்: "அப்பாவுக்கு ஸ்ட்ரோக்ணா. குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டிட்டுத்தான் கிளம்பணும். நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

ஸ்டாண்டப்பை பத்தரைக்குத் தள்ளியிருந்தா முடிஞ்சிருக்கும்.

இப்போ என் ஷீட்ல ஒரு கட்டம் சேர்த்திருக்கேன்: 'அவங்க வாயால சொன்னது'. அது காலியா இருந்தா இரண்டாவது ஸ்டெப்புக்குப் போக மாட்டேன், டிக்கெட்ல கட்டாயம் நிரப்ப வேண்டிய ஃபீல்டு மாதிரி. சிரிக்காதீங்க, எனக்கு இது வேலை செய்யுது.

ட்ரெயினிங் நடத்துற ஹெச்.ஆர். நண்பர்களுக்கு ஒண்ணு. கற்பனையான ரோல் ப்ளே வேண்டாம். அந்தப் பழைய பாடத்துல சூப்பர்வைசர்கள் தங்களோட சொந்தப் பிரச்சினையைத்தான் வகுப்புக்குக் கொண்டு வந்தாங்க. எங்க மேனேஜர்களையும் அப்படியே வரச் சொல்லுங்க, அந்தக் கட்டத்தை நிரப்பிட்டு.

ஸ்டாண்டப் இப்போ பத்தரைக்குத்தான் நடக்குது. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.