அந்த ரக்கூன் எங்கே போனது?

(பொங்கல் விழா மாலையில் கிளப் ஹவுஸில் நம் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள், தூக்கம் வரும். அதனால் கதையாகவே சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. முகமூடி போட்ட திருடன் மாதிரி ஒரு ரக்கூன். அதற்குப் பஞ்சுமிட்டாய் கொடுக்கிறார்கள். அது தண்ணீரில் நனைக்கிறது. மிட்டாய் கரைந்துவிடுகிறது. காணாமல் போன மிட்டாயைக் கையால் துழாவித் தேடுகிறது. நானும் நாலு தடவை பார்த்துச் சிரித்தேன். மறுநாள் சி பிளாக்கில் ஒரு பையன் "எனக்கு ஒன்று வேண்டும்" என்று அப்பாவிடம் கேட்டுவிட்டான். அப்பாவும் விளையாட்டாக விசாரித்திருக்கிறார். ஒரு புரோக்கர், "குட்டி இருக்கு சார், புட்டிப்பால் குடிக்கும், வீட்டுக்கே கொண்டுவந்து தர்றோம்" என்று சொல்லிவிட்டாராம். அவர் என்னிடம் கேட்டதற்குக் காரணம், நான் ஆறு வருடம் ஜப்பானில் குடியிருந்தவள்.

ரக்கூனின் சொந்த ஊர் வட அமெரிக்கா. அப்புறம் ஜப்பானுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

கமகுராவில் நாங்கள் இருந்த வீடு பழைய மரவீடு. குடிபோன முதல் மழைக்காலத்தில், இரவு பதினொரு மணிக்கு மேல் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே யாரோ நடப்பது போலச் சத்தம். எலி என்று நினைத்தேன். எலி அவ்வளவு கனமாக நடக்காது. ஒரு வாரத்தில் படுக்கையறை சீலிங்கில் மஞ்சள் கறை வந்தது, பிறகு நாற்றம். வீட்டுக்காரப் பாட்டி வந்து பார்த்து, "அராய்குமா" என்றார். கழுவும் கரடி என்று அர்த்தம், ரக்கூனுக்கு அங்கே அதுதான் பெயர். கூரையில் குட்டி போட்டிருந்தது. மலம் கழிக்க ஒரே இடத்தை வைத்துக்கொள்ளும் பழக்கம் அதற்கு உண்டு. அந்த இடம் எங்கள் கட்டிலுக்கு நேர் மேலே அமைந்தது எங்கள் யோகம்.

அன்று பாட்டி சொன்னதைத்தான் சொல்ல வந்தேன். 1977ல் அவர் பள்ளிச் சிறுமி. அந்த வருடம் முழுக்க ஜப்பான் டிவியில் ராஸ்கல் என்ற ரக்கூனைப் பற்றிய கார்ட்டூன் தொடர் ஓடியது. நம் ஊரில் ராஸ்கல் என்றால் திட்டு, அங்கே குழந்தைகளின் செல்லம். ஸ்டெர்லிங் நார்த் என்ற அமெரிக்க எழுத்தாளர் சிறு வயதில் தான் ரக்கூன் வளர்த்ததைப் பற்றி 1963ல் எழுதிய புத்தகம்தான் மூலம். தொடரைப் பார்த்த ஜப்பான் பிள்ளைகள் எல்லாம் ரக்கூன் கேட்டார்கள். கடைகள் அமெரிக்காவிலிருந்து வருடத்துக்கு நூற்றுக்கணக்கில் வரவழைத்தன. பாட்டியின் அப்பாவும் ஒன்று வாங்கினார்.

முதல் வருடம் மடியிலேயே தூங்கியதாம். வளர்ந்ததும் குணம் மாறியது. ரக்கூன் ஓரிரு வருடத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். நாய் பல ஆயிரம் வருடமாக மனிதனோடு பழகிய பிராணி. ரக்கூனுக்கு அந்தப் பழக்கம் கிடையாது, வீட்டில் பிறந்த குட்டியும் காட்டுப் பிராணிதான். பாட்டி தன் முழங்கையைக் காட்டினார், நாற்பது வருடத் தழும்பு.

கதையின் கடைசியில் அந்தப் பையன் ராஸ்கலைக் காட்டில் விட்டுவிடுவான். பாட்டியின் அப்பாவும் அப்படியே வீட்டுக்குப் பின்னால் இருந்த குன்றில் கொண்டுபோய் விட்டார். ஊரில் பலரும் அதையேதான் செய்தார்கள். கதையில் அந்தக் காடு ரக்கூனின் சொந்தக் காடு. ஜப்பானில் அப்படி இல்லை. இன்றைக்கு அந்த நாட்டின் 47 மாகாணங்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ரக்கூன் இருக்கிறது. தர்பூசணியில் வட்டமாக ஓட்டை போட்டு, உள்ளே கைவிட்டுச் சதையை மட்டும் வழித்துத் தின்றுவிட்டுப் போகும். பழைய கோயில்களின் தூண்களில் அதன் நகக்கீறலைப் பார்க்கலாம். 2005ல் சட்டம் வந்து, இறக்குமதி செய்வதும் புதிதாக வளர்ப்பதும் தடையாயின. பிடிபடுபவற்றைப் பெரும்பாலும் கொன்றுவிடுகிறார்கள்.

எங்கள் கூரைக்கும் கூண்டு வந்தது. தாயும் மூன்று குட்டிகளும். வண்டியில் ஏற்றும்போது பாட்டி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "எங்கள் வீட்டு ரக்கூனின் பேரப்பிள்ளைகளாக இருக்கலாம்" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

சரி, நாம் யாரும் குன்றில் கொண்டுபோய் விடமாட்டோம், ஃபிளாட்டிலேயே நன்றாக வளர்ப்போம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரக்கூன் இரவுப் பிராணி. நீங்கள் படுக்கும்போது அது எழும். அதன் முன்னங்கால் கை மாதிரி வேலை செய்யும். தாழ்ப்பாள், ஃபிரிட்ஜ் கதவு, குப்பைத் தொட்டி மூடி எல்லாம் அதற்குப் பழகிவிடும். வெள்ளை மாளிகையிலேயே சமாளிக்க முடியவில்லை! 1926ல் ஜனாதிபதி கூலிட்ஜுக்கு விருந்தில் சமைக்கச் சொல்லி ஒரு ரக்கூனை உயிரோடு அனுப்பினார்கள். அவர்கள் அதற்கு ரெபெக்கா என்று பெயர் வைத்து வளர்த்தார்கள். கடைசியில் அதுவும் மிருகக்காட்சி சாலைக்குத்தான் போனது. அங்கே தோட்டமும் வேலையாட்களும் உண்டு. நமக்கு இருப்பது ஒரு யூட்டிலிட்டி பால்கனி, பக்கத்துச் சுவரில் பக்கத்து வீடு. மனிதர் பராமரிப்பில் ரக்கூன் இருபது வருடம் வரைகூட வாழும். இன்று பத்து வயதுப் பையன் கேட்டால், அவனுக்குக் கல்யாணம் ஆகும்வரை பார்த்துக்கொள்ளப் போவது அம்மா.

நோயைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரக்கூனின் குடலில் ஒருவகை உருண்டைப்புழு இருக்கக்கூடும். ரக்கூன் ஆரோக்கியமாகவே தெரியும். மலத்தில் வரும் முட்டை மண்ணில் வருடக்கணக்கில் தாங்கும், சாதாரண ஃபினாயிலுக்குச் சாகாது. மனிதருக்குத் தொற்றுவது அபூர்வம். தொற்றினால் புழு மூளைக்கும் கண்ணுக்கும் போகலாம். கீழே கிடப்பதை வாயில் வைக்கும் குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். நம் சாண்ட்பிட்டை நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது ரேபிஸ். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் அதைப் பரப்பும் முக்கியக் காட்டுப் பிராணி ரக்கூன். நாய் கடித்தால் பத்து நாள் கண்காணித்து முடிவு செய்யலாம். ரக்கூனுக்கு அப்படி நிர்ணயித்த கால அளவு இல்லை. கொன்று மூளையைச் சோதிப்பதுதான் வழி. 2024ல் நியூயார்க் மாநிலத்தில் இன்ஸ்டாகிராமில் புகழ்பெற்ற பீனட் என்ற அணிலையும், அதே வீட்டில் இருந்த ஃபிரெட் என்ற ரக்கூனையும் அதிகாரிகள் எடுத்துப் போனார்கள். அணில் ஒருவரைக் கடித்ததாகச் சொல்லி இரண்டையும் கொன்று சோதித்தார்கள். இரண்டுக்குமே ரேபிஸ் இல்லை. அதிகாரிகள் செய்தது சரியா என்று அங்கே பெரிய சண்டையே நடந்தது. எனக்கும் கோபம் வந்தது. ஆனால் அந்த ரக்கூன் அனுமதியில்லாமல் ஒரு வீட்டுக்குள் இருந்ததால்தான் அதற்கு அந்த முடிவு.

நம் சி பிளாக் அப்பாவிடம் நான் ஒன்றே ஒன்று சொன்னேன். இறக்குமதி அனுமதியையும், பிராணியைத் தனிமையில் வைத்துப் பரிசோதித்த சான்றிதழையும் புரோக்கரிடம் கேளுங்கள் என்றேன். வெளிநாட்டுப் பிராணியை முறையாகக் கொண்டுவந்திருந்தால் அந்தக் காகிதங்கள் இருக்க வேண்டும். பெட்டிக்குள் மறைத்து விமானத்தில் கொண்டுவந்த குட்டிகள் சென்னை விமான நிலையத்தில் எத்தனை தடவை பிடிபட்டிருக்கின்றன என்று நீங்களே செய்தியில் பார்த்திருப்பீர்கள். அவர் கேட்டார். "அனுப்புறேன் சார்" என்று சொன்ன புரோக்கர் மூன்று வாரமாக ஃபோன் எடுக்கவில்லை.

பையனிடமும் பாட்டியின் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "குன்றில் விட்ட அந்த முதல் ரக்கூன் எங்கே போச்சு, ஆன்ட்டி?" என்று கேட்டான். பாட்டிக்கும் அது தெரியாது என்றேன்.

அதே புரோக்கர் உங்களில் யாரையாவது கூப்பிட்டால், எண்ணைச் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள். வனத்துறைக்குத் தெரிவிக்கலாம் என்றிருக்கிறோம்.