அமலேக்கியரின் குழந்தைகளுக்காக ஒரு வழக்குரை

(மட்டக்களப்பில் கிறித்தவரும் சைவரும் கூடியிருந்த கூட்டமொன்றில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரை)



வேதத்திலே காணப்படும் கொலைக் கட்டளைகளைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். நான் இறையியல் கற்றவன் அல்லன். நீதிமன்றில் சாட்சியத்தை எடைபோட்டுப் பிழைப்பவன். ஆயினும் இது குருமார்களுக்கு மட்டும் உரிய பொருள் என்று விட்டுவிடக் கூடியதன்று. ஏன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, இந்நகரின் சீயோன் தேவாலயத்திலே குண்டு வெடித்தது. ஞாயிறு பாடசாலை முடிந்து முற்றத்தில் நின்ற சிறுவர்கள் பலர் மாண்டனர். கொழும்பிலும் நீர்கொழும்பிலும் அதே காலையில் மாண்டோரையும் சேர்த்தால் 250க்கு மேற்பட்ட உயிர்கள். அந்நாள் முதல் ஒரு பேச்சைத் தேநீர்க் கடையிலும் கேட்கிறேன், வட்டையிலும் கேட்கிறேன், படித்தவர் கூடும் இடங்களிலும் கேட்கிறேன். "அவர்களுடைய வேதம் கொல்லச் சொல்கிறது, நம்முடைய வேதம் அன்பு செய்யச் சொல்கிறது" என்பதே அப்பேச்சு.

வழக்குக்குப் போகுமுன் தன் கையிலுள்ள உறுதியை ஒருமுறை வாசித்துப் பார்ப்பவனே புத்தியுள்ள கட்சிக்காரன். எதிர்த்தரப்பு வழக்கறிஞன் எழுந்து, "ஐயா, சாமுவேலின் முதலாம் ஆகமம் பதினைந்தாம் அதிகாரத்தைச் சற்று வாசியுங்கள்" என்று கேட்டால் நாம் என்ன செய்வோம்?

அங்கே எழுதியிருப்பது இது. தீர்க்கதரிசியாகிய சாமுவேல், கடவுளின் பெயரால், சவுல் அரசனுக்கு ஓர் ஆணை கொண்டுவருகிறார். அமலேக்கியர்மீது படையெடுத்து, ஆண், பெண், சிறுவர், பாற்குடி மறவாத குழந்தை, மாடு, ஆடு, ஒட்டகம், கழுதை ஆகிய ஒன்றையும் உயிரோடு விடாதே என்பது அவ்வாணை. குற்றம் என்ன? எகிப்திலிருந்து விடுதலை பெற்று வந்த இஸ்ரவேலரை வழியிலே அமலேக்கியர் தாக்கினர். அது எப்பொழுது நடந்தது? அந்நூலின் கணக்குப்படியே பல தலைமுறைகளுக்கு முன்னர்! சவுல் போனான், கொன்றான், ஆனால் அரசன் ஆகாகையும் கொழுத்த கால்நடைகளையும் தப்பவிட்டான். கடவுள் சவுல்மீது சினந்தாராம். குழந்தைகளைக் கொன்றதற்காக அன்று, மிச்சம் வைத்ததற்காக. பின்னர் ஆகாகைச் சாமுவேலே தம் கையால் வெட்டினார்.

நம்முடைய தமிழ் வேதாகமம் இக்கொலைக்கு இட்ட சொல் "சங்கரித்தல்" என்பது. சூரசங்காரம் காணும் சைவ அன்பர்களுக்கு அச்சொல் புதிதன்று. ஆறுமுக நாவலர், பேர்சிவல் பாதிரியாருடன் அமர்ந்து வேதாகமத்தைத் தமிழாக்கத் துணை புரிந்தவர். அந்நூலை அவ்வளவு நெருங்கிக் கற்றமையாலேதான், 1854இல் அவர் சைவதூஷண பரிகாரம் எழுதியபோது பாதிரிமாரின் நூலைக் கொண்டே பாதிரிமாருக்கு விடையிறுக்க அவரால் இயன்றது. அன்று அவர் தொடங்கிய குறுக்கு விசாரணை இன்னும் முடியவில்லை என்றே நான் கருதுகிறேன்.

தப்பும் வழிகள்

பகைவரை நேசிக்குமாறு மலையிலே போதித்தவரையே நாம் ஆண்டவர் என்கிறோம். அவரையும் இவ்வாணையையும் எவ்வாறு ஒரே நூலில் வைத்திருப்பது? இக்கேள்வியிலிருந்து தப்ப முன்னோர் பல வழி தேடினர்.

இரண்டாம் நூற்றாண்டிலே மார்சியன் என்பவர், பழைய ஏற்பாட்டின் கடவுள் வேறு, இயேசு காட்டிய தந்தை வேறு என்று கூறி, பழைய ஏற்பாட்டையே தள்ளிவிட்டார். உரோமைத் திருச்சபை அவரைத் தள்ளிவிட்டது. திருச்சபை செய்தது சரியே. இயேசு ஓதி வளர்ந்த நூல் அது. யூத மக்களின் நூலும் அதுவே. அதன் கடவுளைக் கொடியவர் என்று ஒதுக்கியவர்கள் பிற்காலத்தில் அம்மக்களையும் ஒதுக்க நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஒரிகன், யோசுவாவின் போர்களெல்லாம் ஆன்மாவுக்குள் நடக்கும் போர்கள், வெட்டுண்ட பகைவர் நம் பாவங்களே என்று உரை வகுத்தார். அழகான உரை. ஆனால் வாளேந்திப் போனவர்கள் ஒரிகனை வாசித்துவிட்டுப் போகவில்லை. 1689இல் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்திலே கொட்டன் மேதர் என்னும் போதகர், படைவீரருக்கு ஆற்றிய அருளுரையில் அந்நாட்டுப் பழங்குடியினரை அமலேக்கு என்றே அழைத்தார். வெகுதூரம் போவானேன்? 2023 அக்டோபரில் இசுரேலியப் பிரதமர் காசாப் போரை முன்னிட்டு அமலேக்கை நினைவூட்டிப் பேசினார். அவ்வாண்டு டிசம்பரில் தென்னாபிரிக்கா சர்வதேச நீதிமன்றில் தாக்கல் செய்த இனப்படுகொலை மனுவிலே அப்பேச்சும் எடுத்துக்காட்டப்பட்டது. அது ஹமாஸ் இயக்கத்தையே குறித்தது என்று அவர் அலுவலகம் விளக்கம் கூறிற்று. விளக்கம் எதுவாயினும் ஆகுக. மூவாயிரம் ஆண்டுக்கு முந்திய ஓர் ஆணை, நம் காலத்து நீதிமன்றிலே ஆவணமாய் வந்து நின்றதல்லவா?

இன்னொரு வழி அகழ்வாராய்ச்சியாளர் காட்டியது. கத்லீன் கென்யன் அம்மையார் 1952 முதல் 1958 வரை எரிகோவிலே தோண்டினார். யோசுவா வீழ்த்தியதாகச் சொல்லப்படும் மதில் சூழ்ந்த மாநகர் அக்காலத்தில் அங்கே இருந்ததற்குச் சான்று கிட்டவில்லை. நூலுக்குள்ளேயும் முரண் உண்டு. பதினைந்தாம் அதிகாரத்தில் அடியோடு அழிந்த அமலேக்கியர், முப்பதாம் அதிகாரத்திலே திரும்பி வந்து ஒரு நகரைச் சுட்டெரிக்கின்றனர்; அவர்களுள் நானூறு வாலிபர் ஒட்டகமேறித் தப்புகின்றனர்! இப்படிச் சாட்சி சொன்னவனை எந்த வழக்கறிஞனும் கூண்டிலிருந்து எளிதில் இறங்க விடமாட்டான். ஆதலால், நடந்தவை எழுதியபடி நடக்கவில்லை என்று நம்ப இடமுண்டு. எனக்கும் அது ஓரளவு ஆறுதலே. எனினும், நடவாத கொலையைக் கடவுளின் பெருமையாகப் பாடிய நூல் நம் கையில் இருக்கிறதே, அதை என்ன செய்வது?

"உயிர் கொடுத்தவர் எடுக்கவும் உரியவர்" என்பது இவற்றுள் வலுவான வாதம். பிள்ளையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த தாய் அவ்வாறு சொல்லி ஆறுதல் அடைந்தால் அவளோடு நான் வழக்காட மாட்டேன். ஆனால் இங்கே காய்ச்சல் வரவில்லை. மனிதன் வாளோடு வருகிறான், தனக்கு ஆணை கிடைத்தது என்கிறான். மேலிடத்து ஆணை என்ற வாதத்தைச் சட்டம் நன்கறியும். 1945இல் எழுதப்பட்ட நியூரம்பேர்க் நீதிமன்றச் சாசனம், அவ்வாதம் குற்றவாளியைப் பொறுப்பிலிருந்து விடுவியாது, தண்டனையைக் குறைக்க வேண்டுமானால் கருதப்படலாம் என்று விதித்தது. சீயோன் வாயிலுக்கு வந்தவனும் மேலிடத்து ஆணை தனக்கு உண்டென்றே நம்பினான்.

நூலே நூலுக்கு விடை

சட்டம் பயின்றவனுக்கு உண்மையான வழி ஒன்று அந்நூலுக்குள்ளேயே தெரிகிறது. உபாகமம் இருபத்துநான்காம் அதிகாரத்தைப் பாருங்கள். பிள்ளையின் குற்றத்துக்காகத் தந்தையையோ தந்தையின் குற்றத்துக்காகப் பிள்ளையையோ கொல்லலாகாது என்பது அங்கே விதி. வெறும் ஏட்டு விதியுமன்று. அமத்சியா என்னும் அரசன், தன் தந்தையைக் கொன்றவர்களைத் தண்டித்தபோது, இவ்விதியைக் கருதி அவர்களின் பிள்ளைகளை விட்டுவிட்டான் என்று இராஜாக்களின் இரண்டாம் ஆகமம் குறித்து வைத்திருக்கிறது. எசேக்கியேல் தீர்க்கதரிசியோ ஓர் அதிகாரம் முழுவதும் நின்று இதையே வாதிக்கிறார். அப்படியானால் அமலேக்கியரின் குழந்தைகள் எந்தச் சட்டத்தின்கீழ் மாண்டனர்?

உழவர் பெருமக்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கொள்ளுப்பாட்டன் காலத்தில் ஒருவன் இரவோடிரவாய் வரம்பை வெட்டித் தண்ணீரைத் திருப்பினான் என்பதற்காக, இன்று அவன் கொள்ளுப்பேரனின் கதிரில் தீ வைப்பதை எந்தப் போடியாராவது நியாயம் என்பாரா?

ஆதியாகமத்திலே ஆபிரகாம் கடவுளோடேயே வாதாடுகிறார். சோதோமில் நீதிமான்கள் ஐம்பது பேர் இருந்தால், நாற்பத்தைந்து பேர் இருந்தால், என்று பத்துவரை இறங்கி வருகிறார். உலகுக்கெல்லாம் நீதிபதியாகிய நீர் நீதி தவறலாமா என்று கேட்கிறார். கடவுள் அவரை அதட்டவில்லை. ஒவ்வொரு படியாக இணங்குகிறார். கடவுளின் பெயரால் வரும் ஆணையை நீதியின் பெயரால் வினவுவது அவநம்பிக்கை என்பாருக்கு, விசுவாசிகளின் தந்தை என்று நாம் போற்றுபவரே அதைச் செய்தார் என்று சொல்லுங்கள்.

இவ்விடத்தில் நம் மண்ணின் வழக்கொன்றை நினையாமல் இருக்க முடியவில்லை. தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம், வந்தாறுமூலை என இக்கிழக்குக் கரையெங்கும் கண்ணகை அம்மன் கோயில்கள். அங்கு ஓதப்படும் காவியத்தின் பெயரே கண்ணகி வழக்குரை! அம்மை முதலில் நெருப்பைத் தேடவில்லை. சிலம்பைச் சான்றாக ஏந்தி மன்றம் ஏறினாள். அரசன் தன் பிழையை ஏற்று மாண்டான். அதற்குப் பின்னரே மதுரை எரிந்தது. அவ்வேளையிலும் குழந்தைகள், முதியோர், அறவோர், கற்புடைய பெண்டிர், பசுக்கள் ஆகியோரைத் தீண்டாதே என்று தீக்கடவுளுக்கு அவள் வரம்பு விதித்தாள் என்கிறது சிலப்பதிகாரம். அந்த வரம்பு கூட நம் முன்னோருக்குப் போதவில்லை. ஆண்டுதோறும் வைகாசியிலே வழக்குரை ஓதி முடித்து, குளிர்த்தி பாடி அம்மையின் சினத்தைத் தணிக்கின்றனர். தெய்வத்தின் சினத்தை இங்கே எவரும் ஏவலாய் எடுத்துக்கொண்டு தீப்பந்தம் தூக்கவில்லை, தணிப்பதையே வழிபாடாக்கினர். கிறித்தவனாகிய எனக்கு இதில் கற்பதற்கு நிறைய இருக்கிறது.

சைவ அறிஞர்கள் இறைவனின் மறக்கருணை என்றும் கூறுவர். சூரபன்மன் பிளவுண்டு அழிந்துபோகவில்லை. மயிலாகவும் சேவலாகவும் மாறி முருகனின் ஊர்தியும் கொடியும் ஆனான். ஒறுத்தலின் முடிவு ஆட்கொள்ளல் என்பதனால் அங்கே கருணை என்ற சொல் பொருந்துகிறது. அமலேக்கியரின் பாற்குடிக் குழந்தைக்கு அச்சொல்லைப் பொருத்த நான் முயன்று பார்த்தேன். பொருந்தவில்லை.

இயேசு வாசித்த முறை

ஆண்டவர் தம் வேதத்தை எவ்வாறு வாசித்தார் என்பதற்கு லூக்கா இரண்டு நிகழ்ச்சிகளைத் தருகிறார். நாசரேத்தின் செபக்கூடத்தில் ஏசாயாவின் சுருளை விரித்து, ஏழைகளுக்கு நற்செய்தி என்ற பகுதியை வாசித்தார். அவ்வாக்கியம் கடவுள் பழிவாங்கும் நாளைப் பற்றித் தொடர்கிறது. அதற்கு முன்னதாகவே நிறுத்திச் சுருளைச் சுருட்டிவிட்டார்! பின்பு பிற இனத்தவராகிய ஒரு விதவையும் ஒரு சீரியப் படைத்தலைவனும் கடவுளின் அருள் பெற்ற கதையை எடுத்துரைத்தார். ஊரார் அவரை மலையிலிருந்து தள்ளப் பார்த்தனர்.

மற்றது ஒன்பதாம் அதிகாரத்தில் உள்ளது. சமாரியர் ஊரொன்று அவருக்கு இடங்கொடுக்க மறுத்தது. எலியா செய்தது போல வானத்து நெருப்பை வரவழைத்து இவர்களை அழிக்கலாமா என்று யாக்கோபும் யோவானும் கேட்டனர். வேதத்தில் முன்தீர்ப்பு உண்டு. எலியா அவ்வாறே செய்தார். ஆண்டவரோ திரும்பி அவர்களைக் கடிந்துகொண்டார். எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் உண்டு. உயர்ந்த மன்று முந்திய தீர்ப்பைப் பின்பற்ற மறுத்தால், பழைய தீர்ப்பு அறிக்கைப் புத்தகத்தில் அச்சாகியபடியே இருக்கும். எவரும் அதைக் கிழிப்பதில்லை. ஆனால் அதைக் காட்டி இனி எவரும் தீர்ப்புக் கேட்க முடியாது. அடுத்த அதிகாரத்திலேயே நல்ல சமாரியன் உவமை வருவதையும் கவனியுங்கள். எரிக்கலாமா என்று கேட்கப்பட்ட அதே இனத்தான்!

புதிய ஏற்பாடு முழுவதும் மென்மை என்று நான் சொல்லவில்லை. அனனியாவும் சப்பீராளும் விழுந்து மாண்டதும், வெளிப்படுத்தலில் பாயும் இரத்தமும் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் பழிவாங்குதல் கடவுளுக்கே உரியது என்று பவுல் உரோமருக்கு எழுதும்போது, அவ்வழக்கை விசாரிக்கும் அதிகாரத்தை மனிதர் கையிலிருந்து அறவே எடுத்துவிடுகிறார். பகைவன் பசித்திருந்தால் சோறிடு என்பதை மட்டும் நமக்கு விட்டுவைக்கிறார்.

பாபிலோனிலே சிறைப்பட்ட மக்கள் தம் பகைவரின் குழந்தைகளுக்குக் கேடு வேண்டிப் பாடிய சங்கீதமும் உண்டு. 137ஆம் சங்கீதம் அது. அதைப் பழிப்போர் பாடியவரின் நிலையையும் எண்ண வேண்டும். அவர்களுக்கு முறையிட மன்று இல்லை. 2005ஆம் ஆண்டு நத்தார் நள்ளிரவுப் பூசையில், இந்நகரின் புனித மரியாள் பேராலயத்திலே ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். 2021 ஜனவரியில் சட்டமா அதிபர் வழக்கைத் தொடராது விட, குற்றஞ்சாட்டப்பட்டோர் விடுதலையாயினர். நீதிமன்றின் கதவு இவ்வாறு சாத்தப்படும்போது மக்கள் வானத்தை நோக்கிக் கூவாமல் வேறென்ன செய்வர்? வானத்தை நோக்கிக் கூவுகிறவன் வாளை இன்னும் எடுக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

வாளை எடுத்தவர்களும் நம்மிடையே இருந்தனர். 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த 100க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். விடுதலைப் புலிகள் மறுத்தபோதிலும் அவர்களே செய்தனர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட செய்தி. அதே ஆண்டு செப்டெம்பர் 9இல் சத்துருக்கொண்டானிலே 180க்கு மேற்பட்ட தமிழர், கைக்குழந்தைகள் உட்பட, இராணுவத்தால் கொல்லப்பட்டனர் என்று தப்பியவர் சாட்சியம் கூறினார். இவர்களுள் எவரும் சாமுவேலின் ஆகமத்தை வாசித்துவிட்டுப் போனவர் அல்லர். ஆயினும் ஓர் இனத்தின் குழந்தையை அவ்வினத்தின் குற்றத்துக்கு ஈடாகக் கணக்கிடும் எண்ணம் அங்கும் அதே எண்ணமே.

குருமார்களிடமும் ஞாயிறு பாடசாலை ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். பதினைந்தாம் அதிகாரத்தைத் தாண்டிச் செல்லாதீர்கள். வளர்ந்த பிள்ளைகளுக்கு அதை வாசித்துக் காட்டுங்கள். உபாகமத்தின் அந்த விதியையும், ஆபிரகாமின் வாதத்தையும், சமாரியர் ஊரின் நிகழ்ச்சியையும் அதே வகுப்பில் வாசியுங்கள். குழந்தைகளைக் கொல்லச் சொன்னது கடவுளா என்று ஒரு பிள்ளை கேட்டால், "சாமுவேல் அவ்வாறு நம்பினார், இயேசுவைக் கண்ட நாம் அவ்வாறு நம்பக் கடமைப்பட்டவர் அல்லர்" என்று சொல்ல அஞ்சாதீர்கள். உங்களுள் சிலருக்கு இது மிகை என்று படலாம். கேள்வி நேரத்தில் என்னோடு வாதாடுங்கள். காத்தான்குடியிலிருந்து வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் அன்பர்களும் தயங்காது கேட்கலாம். தலைவர் மணி அடிக்குமுன் அமர்கிறேன்.