கர்ப்பப்பை இறங்கினால் உடனே ஆபரேஷன்தானா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



சேமிப்பு, கடன், தொழில் பற்றி எல்லாரும் நல்லா பேசினாங்க. நான் பேசப் போவது நாம வெளியில சொல்லாத விஷயம். கர்ப்பப்பை இறக்கம். இங்கே நாம பொம்பளைங்க மட்டும்தான் இருக்கோம், அதனால கூச்சப்படாம பேசுறேன்.

"கீழே ஏதோ தள்ளுது", "சாயங்காலம் ஆனா அடிவயிறு கனக்குது", "இருமினா, தும்மினா ஒண்ணுக்கு வந்திடுது." இதெல்லாம் நம்மில் பல பேருக்கு உண்டு. வீட்டுக்காரர்கிட்ட கூட சொல்ல மாட்டோம். பொறுத்துக்கிட்டே களை எடுக்கப் போவோம், நூறு நாள் வேலைக்குப் போவோம். முடியாம போன ஒரு நாள் டவுனுக்குப் போனா, கர்ப்பப்பையை எடுத்திடலாம்னு சொல்லுவாங்க. அடுத்த வாரம் குழுவுல கடன் கேட்டு மனு கொடுப்போம்.

எனக்கும் ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் இது வந்தது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எடுத்திடணும், அறுபதாயிரம் ஆகும்னாங்க. எங்க ஊர் நர்ஸம்மாதான், "அவசரப்படாதே, இன்னொரு டாக்டர்கிட்டயும் காட்டு"ன்னு சொன்னாங்க. அரசு ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மா, "இது ரெண்டாம் நிலை. முதல்ல பயிற்சி செய், நாலு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்"னு சொல்லி பிசியோதெரபி பிரிவுக்கு அனுப்பினாங்க. அங்கே கத்துக்கிட்டதைத்தான் இங்கே சொல்றேன்.

நம்ம இடுப்புக்கு அடியில முன்பக்க எலும்பிலிருந்து வால் எலும்பு வரைக்கும் சதை ஒரு தூளி மாதிரி கட்டியிருக்கு. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூணையும் அந்தத் தூளிதான் தாங்குது. பிரசவத்தில் அது இழுபட்டுத் தளருது. பிள்ளை பெத்து ஒரு மாசத்துக்குள்ள தண்ணிக்குடம், மண்சட்டி தூக்குறது, விடாத இருமல், மலச்சிக்கலில் முக்குறது, உடம்பு எடை கூடுறது, மாதவிடாய் நிற்கிற வயசு, எல்லாம் சேர்ந்து இன்னும் தளர்த்துது. தூளி தொய்ஞ்சா உள்ளே இருக்கிறது இறங்கத்தானே செய்யும்?

கை, கால் சதை மாதிரி இந்தச் சதையையும் பயிற்சியால் பலப்படுத்தலாம். 1948-ல் அமெரிக்காவில் ஆர்னால்டு கீகல் என்ற டாக்டர் இதைப் பற்றி எழுதினார். அதனால இதுக்குக் கீகல் பயிற்சின்னு பேர்.

எப்படிச் செய்யணும்? முதல்ல முழங்காலை மடக்கிப் படுத்துக்கோங்க. நாலு பேர் நடுவுல இருக்கும்போது காத்து பிரியாம அடக்குவோம் இல்லையா? (சிரிக்காதீங்க, அதுதான் சரியான அடையாளம்.) கூடவே ஒண்ணுக்கு வராம அடக்குற மாதிரியும் உள்ளே மேல் நோக்கி இழுங்க. அஞ்சு எண்ணுற வரைக்கும் பிடிங்க. அப்புறம் முழுசா விட்டுட்டு அஞ்சு எண்ணுங்க. பிடிக்கிற அளவுக்கு விடுறதும் முக்கியம். இப்படிப் பத்துத் தடவை, காலை, மதியம், ராத்திரி. பழகப் பழகப் பத்து எண்ணுற வரைக்கும் பிடிக்கலாம்.

மூச்சை அடக்கக் கூடாது. தொடை, பிட்டம், வயிறு இறுகக் கூடாது. கீழ் நோக்கி முக்கவே கூடாது. ஒண்ணுக்குப் போகும்போது நிறுத்தி நிறுத்திப் பழகவும் கூடாது. இருமல், தும்மல் வரும்போதும், குடம் தூக்குறதுக்கு முன்னாடியும் ஒரு தடவை இறுக்கிக்கிட்டா கீழே அழுத்தம் குறையும்.

ஒரு வாரத்தில் பலன் தெரியாது. குறைஞ்சது மூணு மாசம் விடாம செய்யணும். எனக்கு மூணாவது மாசத்தில் சாயங்காலக் கனம் குறைஞ்சது, தும்மினா சேலை நனையறது நின்னுச்சு. கர்ப்பப்பை பழைய இடத்துக்கே போயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆனா தொந்தரவு இல்லாம நடவுக்குப் போறேன், ஆபரேஷன் பேச்சு நின்னுபோச்சு.

எல்லாருக்கும் பயிற்சி மட்டும் போதும்னு நான் சொல்லலை. முதல் நிலை, ரெண்டாம் நிலைக்கு இது நல்லா உதவும். ரொம்ப வெளியே வந்துட்டா உள்ளே வைக்கிற வளையம் இருக்கு, டாக்டர் அளவு பார்த்து வைப்பாங்க. அதுக்கும் சரிப்படலைன்னா ஆபரேஷன் செய்யத்தான் வேணும், பயப்பட வேண்டாம். மாதவிடாய் நின்ன பிறகு ரத்தம் பட்டாலோ, வெளியே வந்த இடம் புண்ணானாலோ, மூத்திரம் போக முடியலைன்னாலோ வீட்டில் பயிற்சி செஞ்சுக்கிட்டு உட்காராம உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

ஆனா ஆபரேஷன்னு சொன்னா மூணு கேள்வி கேளுங்க. எனக்கு எத்தனாவது நிலை? வேற வழி பார்த்தாச்சா? கர்ப்பப்பையை எடுத்தா, தளர்ந்த இடத்தையும் சேர்த்துக் கட்டுவீங்களா? ஏன்னா கர்ப்பப்பையை மட்டும் எடுத்தா தூளி பலமாயிடாது. பிறகும் இறங்க வாய்ப்பு இருக்கு. சினைப்பையையும் சேர்த்து எடுத்தா மாதவிடாய் உடனே நின்னு, எலும்பும் சீக்கிரம் பலம் இழக்கும்.

கேள்வி கேட்க நமக்கு உரிமை இருக்கு. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான்ல ஏழைப் பெண்களுக்குத் தேவையில்லாம கர்ப்பப்பையை எடுத்தாங்கன்னு வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. இதைத் தடுக்க 2022-ல் மத்திய அரசு வகுத்த வழிகாட்டுதலை எல்லா மாநிலமும் மூணு மாசத்துக்குள்ள நடைமுறைக்குக் கொண்டு வரணும்னு 2023 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது.

பயிற்சியைச் சரியாகச் செய்யுறோமான்னு தெரிஞ்சவங்ககிட்ட ஒரு தடவையாவது காட்டணும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி செய்யுறவங்க இருக்காங்க. அதில் வேலை செய்யுற தன்னார்வலர்கள் நம்மளைப் போலக் குழுவில் இருக்கிற பெண்கள்தான். அவங்ககிட்ட கேளுங்க.

கடைசியா ஒரு வேண்டுகோள். பிரசவம் ஆன நம்ம வீட்டு மருமகளுக்கும் மகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்க, கனமான குடத்தைக் கொஞ்ச நாள் அவங்க தலையில ஏத்தாதீங்க. வாராவாரம் குழுவில் தீர்மானம் எழுதி முடியுற வரைக்கும் நாம சும்மாதானே உட்கார்ந்திருக்கோம்? பத்துத் தடவை இறுக்கி விடுங்க. பக்கத்தில இருக்கிறவங்களுக்குக் கூடத் தெரியாது, காசும் ஆகாது.