குணத்தை அளக்கும் கோல்



எங்கள் குளச்சல் கடற்கரையில் வளரும் சிறுவன் உரத்த குரலில் பேசுவான். அலையோசையை மீறி வள்ளத்தில் இருப்பவர்க்குச் செய்தி சொல்லிப் பழகிய குரல் அது. உள்நாட்டிலிருந்து புதிதாக வரும் ஆசிரியர் அவனை முரடன் என்று எண்ணிவிடக்கூடும். குரல் ஒன்றுதான், கேட்கும் செவிதான் வேறு. பிறர் குணத்தை மதிப்பிடுவதில் உள்ள இடர்ப்பாடு இச்சிறு செய்தியிலேயே அடங்கியிருக்கிறது.

மனநல மருத்துவர்கள் ஆளுமைக் கோளாறு என்று ஒன்றைக் கூறுவர். ஒருவருடைய எண்ணமும் உணர்வும் பழகும் முறையும் வளைந்து கொடாமல் இறுகிப்போய், அவருக்கும் பிறர்க்கும் நீண்டகாலம் துன்பம் விளைப்பதே அது. காய்ச்சலை அளக்க வெப்பமானி உண்டு. இதனை அளக்கக் கேள்வியும் விடையுமே கருவி. ஒரு நாட்டிற் பிறந்த கேள்வி மற்றொரு நாட்டிற்குப் பொருந்துமா?

இதனை ஆராய உலகச் சுகாதார நிறுவனம் முன்வந்தது. ஒரே வகையான நேர்காணல் முறையை வகுத்து, 11 நாடுகளில் 14 மையங்களில், மனநல மருத்துவர்களும் மருத்துவ உளவியலாளர்களுமாக 58 பேரைக் கொண்டு 716 நோயாளரை ஆராய்ந்தனர். நம் நாட்டில் பெங்களூர் இதில் பங்கு கொண்டது. முடிவுகள் 1994ஆம் ஆண்டில் வெளியாயின. அந்நேர்காணலில் 'ஆம்' என்ற விடை மட்டும் போதாது. வாழ்க்கையிலிருந்து எடுத்துக்காட்டும் சொல்ல வேண்டும். அக்குணம் ஐந்தாண்டுகளேனும் நிலைத்திருக்கவும் வேண்டும். ஒருநாட் கோபத்தைக் கண்டு முடிவு கட்டுதல் ஆகாது என்பது இதன் கருத்து. பல நாட்டாரிடமும் இம்முறை பெரும்பாலும் பயன்பட்டது. ஆயினும் கேள்வியை மொழிபெயர்ப்பது எளிது. வழக்கத்தை மொழிபெயர்ப்பது அரிது.

ஓர் உதாரணம் காண்போம். பிறரைக் கேளாமல் முடிவெடுக்க இயலாமை, சார்ந்து வாழும் ஆளுமைக் கோளாற்றின் அடையாளங்களுள் ஒன்று. நாஞ்சில் நாட்டில் மருமக்கள் வழி நிலவிய காலத்தில், குடும்பச் சொத்தை ஆண்டவர் காரணவர். வளர்ந்த மருமகனும் அவர் சொற்படியே நடந்தான். அவனை நோயாளி என்று எவரும் கூறவில்லை. அது குடும்பத்தின் அமைப்பு. அம்முறை மறைந்துவிட்ட இன்று, அதே மண்ணில் அதே நடத்தை வியப்பாகத் தோன்றும். நாடு மாறினால் மட்டுமன்றிக் காலம் மாறினாலும் அளவுகோல் மாறுகிறது. சார்ந்திருத்தலை மேனாட்டார் காணும் கண்ணால் மட்டும் இந்தியரைக் காணலாகாது என்பதை மனநல மருத்துவர் ஜஸ்வந்த் சிங் நேக்கி 1970களில் எடுத்துக்காட்டினார்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. வீட்டாரை நாள்தோறும் அச்சுறுத்தும் ஒருவனை, "ஆண்பிள்ளைக் கோபம், அப்படித்தான் இருக்கும்" என்று பொறுத்துப்போகிறோம். அஞ்சி ஒடுங்கி எவரோடும் பழக இயலாமல் உள்ளூர வருந்தும் பெண்ணை, "அடக்கமானவள்" என்று புகழ்கிறோம். வழக்கம் என்னும் போர்வை இங்கே துன்பத்தை மறைத்துவிடுகிறது. ஆகவே இரு கேள்விகள் வேண்டும். அவரோடு ஒரே சூழலில் வாழ்வோர்க்கும் இந்நடத்தை மிகையாகத் தோன்றுகிறதா? இதனால் யாரேனும் துன்புறுகின்றனரா? முதற் கேள்வியை மறந்தால் நலமானவரை நோயாளி ஆக்குவோம். இரண்டாவதை மறந்தால் துன்புறுவோரைக் கைவிடுவோம்.

நம் நாட்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு, சமய நெறிகளோடு ஒத்துப்போகாமை ஒன்றையே காரணமாகக் கொண்டு ஒருவரை மனநோயாளி என்று தீர்மானித்தல் ஆகாது என விதிக்கிறது. மாறுபட்டு நிற்பவர்க்கு இது பெரிய காவல்.

மாணவர்களே, இரண்டொரு சொற்களைக் கற்றவுடன் உடன் பயில்வோர்க்கு நோயின் பெயர் சூட்டுதல் எளிது. சூட்டிய பெயர் ஆண்டுக்கணக்கில் ஒட்டிக்கொள்ளும். உங்கள் வயதில் குணம் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது. தோழன் துன்புற்றால் பெயர் தேடாதீர்கள், அருகிலிருந்து கேளுங்கள். தேவையாயின் 14416 என்னும் டெலி மானஸ் தொலைபேசி எண்ணையோ நல்ல மருத்துவரையோ நாடச் செய்யுங்கள். அளப்பது மருத்துவர் கடமை. அன்பு காட்டுவது நம் அனைவர்க்கும் உரியது.