மானியம் வேண்டி எழுதுதல்



நம் ஊர்களில் வாசிகசாலை, சனசமூக நிலையம், மாதர் சங்கம், முதியோர் இல்லம் எனப் பொதுப்பணி புரியும் அமைப்புக்கள் பல உள. அவற்றிற்கு ஊக்கம் உண்டு, உழைப்பு உண்டு, பணந்தான் போதாது. மறுபுறத்தே, நற்பணிகளுக்கு மானியம் வழங்கும் அரசாங்கத் திணைக்களங்களும் தரும நிதியங்களும் இருக்கின்றன. இருபாலாரையும் இணைப்பது ஒரு விண்ணப்பமே. உதவி மிக வேண்டியவர்கள், எழுதும் முறை அறியாமையால் பின்தங்கி நிற்பது வருந்தத்தக்கது. ஆதலின் அம்முறை பற்றிச் சில கூற விழைகின்றேன்.

மானியம் கேட்பது இரத்தல் அன்று. கொடுப்போர்க்கும் ஒரு நோக்கம் உண்டு. அதனைப் பிறர் வாயிலாக நிறைவேற்றவே அவர்கள் நிதி ஒதுக்குகின்றனர். எனவே அவர்களுடைய அறிவித்தலை முதலில் நன்கு வாசித்தல் வேண்டும். எப்பணிக்குக் கொடுப்பர், எவ்வளவு கொடுப்பர், எத்திகதிக்குள் கேட்க வேண்டும் என்பன தெளிவாதல் வேண்டும். கட்டடத்துக்குப் பணம் கொடாதவரிடம் கட்டடம் கேட்பது வீண்.

அடுத்தது தேவையைக் கூறுதல். "எங்கள் ஊர் மிகவும் பின்தங்கியது, பெரியோர் மனமிரங்க வேண்டும்" என எழுதுவோர் பலர். எல்லா ஊராரும் இவ்வாறே எழுதினால், கொடுப்பவர் எவரைத் தெரிவார்? "எங்கள் வாசிகசாலைக்கு மாலையில் 40 பிள்ளைகள் படிக்க வருகின்றனர், கூரை ஒழுகுவதால் சென்ற கார்த்திகையில் 12 நாட்கள் பூட்டி வைத்தோம்" என்று எழுதிப் பாருங்கள். இங்கே இரக்கம் வேண்டப்படவில்லை, உண்மை பேசுகின்றது. இவ்வாறு எழுத வேண்டுமாயின் வரவுப் புத்தகத்தில் நாள்தோறும் பெயர் பதிந்திருத்தல் வேண்டும். விண்ணப்பம் எழுதும் வேலை, அது எழுதப்படுவதற்குப் பல மாதங்களுக்கு முன்னரே தொடங்கிவிடுகின்றது.

மூன்றாவது செலவுக் கணக்கு. ஓட்டுக்கு எவ்வளவு, மரத்துக்கு எவ்வளவு, தச்சருக்கு எவ்வளவு கூலி எனத் தனித்தனியே காட்டுக. கடைக்காரரிடம் எழுத்தில் விலை பெற்று இணைப்பது நன்று. சங்கத்தின் பங்கையும் மறவாது சேர்க்க வேண்டும். சிரமதானத்தில் 20 பேர் இரண்டு நாள் உழைப்பாராயின், அதுவும் 40 நாட்கூலிக்குச் சமனான பங்களிப்பே. தொகையைக் கூட்டிக் கேட்டால் குறைத்தேனும் தருவர் என்று எண்ணுவது தவறு. கணக்கில் ஓரிடம் பொய்த்தால் முழுவதும் ஐயத்துக்கு இடமாகும்.

இவற்றோடு சங்கத்தின் யாப்பு, கணக்காய்வு செய்த அறிக்கை, வங்கிக் கணக்கின் விபரம், பதிவுப் பத்திரம் என்பனவும் கேட்கப்படும். தன்னார்வச் சமூக சேவை அமைப்புக்களின் பதிவுக்கென நம் நாட்டில் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் உளது. கூட்ட அறிக்கைப் புத்தகத்தை ஒழுங்காக எழுதிவரும் காரியதரிசியும், பற்றுச்சீட்டுகளைப் பேணும் தனாதிகாரியும் ஒரு சங்கத்தின் பெருஞ் செல்வமாவர்.

இறுதியாக, பணம் முடிந்தபின் பணி எவ்வாறு நடைபெறும் என்பதைக் கூறல் வேண்டும். இதற்கு நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. யாழ்ப்பாணத்தில் இலவசத் தமிழ் நூல்நிலையம் ஒன்று வேண்டும் என்று கே. எம். செல்லப்பா 1933இல் பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். கேட்டது இன்னதென்பதில் எவர்க்கும் மயக்கம் இருக்கவில்லை. மறு ஆண்டு ஒரு வாடகை அறையில் நூல்நிலையம் திறக்கப்பட்டது. 1935இல் அது நகர உள்ளூராட்சிச் சபையின் பொறுப்புக்கு மாறியது. தனியொருவர் உள்ளத்தில் முளைத்த எண்ணம், அதனைத் தொடர்ந்து பேணவல்ல ஒரு நிறுவனத்தைச் சென்றடைந்தமையாலேயே யாழ்ப்பாணப் பொது நூலகமாக வளர்ந்தது. கூரைக்குப் பணம் கேட்கும் நாமும், அடுத்த ஆண்டு மின்கட்டணத்தை எவர் செலுத்துவர் என்பதற்கு விடை வைத்திருத்தல் வேண்டும்.

விண்ணப்பம் மறுக்கப்படின் மனந்தளராது, காரணத்தைப் பணிவுடன் கேட்டறிந்து திருத்துக. கிடைப்பின், கேட்பதற்கு முன்னரே செலவறிக்கையை அனுப்புக. முதல் மானியத்தின் அறிக்கையே இரண்டாம் மானியத்தின் விண்ணப்பமாகும்.

நம் சங்கம் யாது செய்கின்றது, எவர்க்காகச் செய்கின்றது, எவ்வளவில் செய்கின்றது என்பவற்றை நான்கு பக்கங்களில் நேர்மையாக எழுத இயலுமாயின், பணம் கிடைப்பினும் கிடையாதொழியினும் அச்சங்கம் தன்னை அறிந்துகொண்டதாகும்.