டெப்பட் சத்தமும் உங்கள் மோட்டார் சைக்கிளும்

(மீளக்குடியமர்ந்த குடும்பங்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரை)



கிணறு இறைப்பு, தற்காலிகக் கொட்டில், பிள்ளைகளின் பிறப்புப் பதிவு என்று பல விடயங்களை முந்திய கூட்டங்களில் கதைத்துவிட்டோம். இன்றைக்கு மோட்டார் சைக்கிளின் வால்வு பற்றிச் சொல்லப் போகிறேன். நான் கலைப்பிரிவில் படித்தவள். இந்த வேலையை எனக்குச் சொல்லித் தந்தவர் ஒரு கராஜ்கார அண்ணை. ஆகவே மெக்கானிக்மாரின் பாஷையில் இல்லாமல், எனக்கு விளங்கிய மாதிரியே சொல்கிறேன்.

ஏன் இந்த விடயம்? உங்களில் பலரின் ஊருக்குக் காலையில் ஒரு பஸ், பின்னேரம் ஒரு பஸ். இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது வீட்டு முற்றத்தில் நிற்கும் மோட்டார் சைக்கிள்தான். மீன்பெட்டி, பால்கான், நெல்மூட்டை எல்லாம் அதில்தான் போகின்றன. அது நின்றால் அன்றைய உழைப்பும் நின்றுவிடும். கராஜ் பக்கத்தில் இல்லை. வால்வு எரிந்த பிறகு கராஜுக்குப் போனால் வருகிற செலவு, இன்றைய நிலையில் ஒரு குடும்பத்தின் பல வாரச் சாப்பாட்டுக் காசு. அதைத் தடுக்கிற வேலைக்கோ ஒரு விடியற்காலையில் ஒரு மணித்தியாலம் போதும்.

எஞ்சினுக்குள் பெற்றோலும் காற்றும் வர ஒரு வாசல், எரிந்த புகை வெளியேற இன்னொரு வாசல். அந்த இரண்டு வாசலின் கதவுகள்தான் வால்வுகள். கதவைத் தள்ளித் திறக்கிற கைபோன்ற பாகத்துக்கும் வால்வின் தலைக்கும் நடுவில் மயிரளவு இடைவெளி விட்டிருப்பார்கள். சூடேறினால் இரும்பு நீளும், அதற்காகத்தான் அந்த இடைவெளி. ஹொண்டா சி90, எம்டி90 போன்ற படுக்கை எஞ்சின்களுக்கு அது இரண்டு வால்வுக்கும் 0.05 மில்லிமீற்றர். மற்ற வண்டிகளுக்கு அளவு வேறுபடும். வண்டிப் புத்தகத்தைப் பாருங்கள், அல்லது முகவரிடம் கேளுங்கள். ஊகித்துச் செய்ய வேண்டாம்.

இடைவெளி கூடினால் "டிக் டிக்" என்று தையல் மெசின் மாதிரிச் சத்தம் வரும். அதைத்தான் டெப்பட் அடிக்கிறது என்கிறோம். சத்தம் கேட்டவுடன் எல்லோரும் பயந்து கராஜுக்கு ஓடுகிறோம். உண்மையில் நான் அதிகம் பயப்படச் சொல்வது சத்தமே இல்லாத வண்டிக்கு. இடைவெளி குறைந்து இல்லாமலே போனால் வால்வு முழுதாக மூடாது. நெருப்பு அந்த நீக்கலால் போய்ப் போய் வால்வின் விளிம்பை எரித்துவிடும். காலையில் பத்துத் தரம் கிக்கர் அடித்தும் பிடிக்காது, பாரம் ஏற்றினால் இழுக்காது. எஞ்சின் மட்டும் நல்ல அமைதியாக ஓடும். அந்த அமைதியைக் கேட்டு யாரும் ஏமாற வேண்டாம்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய சனம் நாங்கள். உலகத்தில் வேறு யாருக்கும் எஞ்சின் பற்றி நாங்கள் பாடம் கேட்க வேண்டியதில்லை என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு. ஆனால் அப்படி ஓடிய வண்டிகளின் வால்வில் கரி படிந்திருக்கும். இடைவெளியைச் சரிசெய்தும் இழுவை வராவிட்டால் ஹெட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான். அது கராஜ் வேலை, வீட்டில் வேண்டாம்.

இனி வேலைக்கு வருவோம். எஞ்சின் முழுதாகக் குளிர்ந்திருக்க வேண்டும். 35 பாகை செல்சியசுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது கணக்கு. வன்னி வெயிலில் மத்தியானம் நிழலில் நிற்கிற வண்டியே அந்தச் சூட்டுக்கு வந்துவிடும். அதனால் இரவு முழுக்க ஓடாமல் நின்ற வண்டியை விடிந்தவுடன் செய்யுங்கள். வெளிச்சம் வரட்டும். குப்பி விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெற்றோல் வண்டியில் கை வைக்கவே கூடாது. சின்னப் பிள்ளைகளையும் தள்ளி இருக்கச் சொல்லுங்கள்.

முதலில் எஞ்சின் தலையைச் சுற்றியுள்ள மண்ணைத் தூரிகையால் தட்டித் துடையுங்கள். எங்கள் புழுதி உள்ளே போனால் செய்த நன்மையைவிடக் கெடுதி கூட. வண்டியை நடு ஸ்ராண்டில் நிறுத்தி, நியூற்றலில் விட்டு, பிளக்கைக் கழற்றுங்கள். பிளக் இல்லாவிட்டால் எஞ்சினைக் கையால் சுற்றுவது சுகம். படுக்கை எஞ்சினில் மேலே ஒரு வட்ட மூடி, கீழே ஒரு வட்ட மூடி இருக்கும். மேலே உள்ளது பெற்றோல் வரும் வால்வுக்கு, கீழே உள்ளது புகை போகும் வால்வுக்கு. கீழ் மூடியைத் திறந்தால் கொஞ்சம் ஒயில் வடியும், ஒரு பேணியை வையுங்கள்.

இடப்பக்க மூடியைக் கழற்றினால் பிளைவீல் தெரியும். அதன் விளிம்பில் 'டி' என்ற ஆங்கில எழுத்தும் கோடும் இருக்கும். பக்கத்தில் 'எஃப்' என்று இன்னொரு கோடும் இருக்கும். அது பற்றவைக்கிற நேரத்துக்கான அடையாளம், இந்த வேலைக்கு அதைப் பார்க்க வேண்டாம். பிளைவீலை மணிக்கூடு சுற்றும் திசைக்கு எதிராகச் சுற்றி, 'டி' கோட்டை எஞ்சினில் உள்ள அடையாளத்துக்கு நேரே நிறுத்துங்கள். பிறகு இரண்டு மூடித் துளைக்குள்ளும் விரலை விட்டு ஆட்டிப் பாருங்கள். இரண்டும் இலேசாக ஆட வேண்டும். ஒன்றாவது இறுகி நின்றால் தவறான சுற்றில் நிற்கிறீர்கள், இன்னும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மறுபடி பாருங்கள். எங்கள் பயிற்சிகளில் அதிகம் பேர் தடுமாறிய இடம் இதுதான். பொறுமையாகச் செய்யுங்கள்.

இப்போது பீலர் கேஜில் 0.05 தகட்டை எடுத்து இடைவெளிக்குள் விடுங்கள். இலேசாகப் பிடித்து இழுபட்டு வந்தால் சரி, கை வைக்கவே தேவையில்லை. நுழையாவிட்டாலோ ஓடி விளையாடினாலோ, பூட்டு நட்டைத் தளர்த்தி, நடுவில் உள்ள சின்னத் திருகாணியைக் கொஞ்சம் திருப்பி, தகடு இழுபடும் அளவுக்குக் கொண்டு வாருங்கள். திருகாணி அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். இறுக்கிய பிறகு கட்டாயம் மறுபடி அளக்க வேண்டும். இறுக்கும்போது திருகாணி கூடவே திரும்பிவிடுவது வழமை. திருகாணி அதன் கடைசிக்கே வந்துவிட்டாலோ, சரிசெய்த சில நூறு கிலோமீற்றருக்குள் இடைவெளி மறுபடி இல்லாமல் போனாலோ உள்ளே பழுது இருக்கிறது. மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

"தகடு இல்லை, பிளேட்டை விடலாமா?" என்று போன கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார். சவர பிளேட் ஏறத்தாழ 0.10 மில்லிமீற்றர் தடிப்பு, தேவையானதைப் போல இரண்டு மடங்கு. கொப்பித் தாளும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒரு பீலர் கேஜ் வாங்கி மாதர் சங்கத்தில் வைத்தால் ஊருக்கே போதும். அக்காமாரே, வண்டி இப்போது உங்கள் பொறுப்பில் என்றால் நீங்களே செய்யலாம். இதற்குப் பலம் தேவையில்லை, விரலின் பொறுமைதான் தேவை.

3000 முதல் 4000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை பாருங்கள். நாளுக்கு 40 கிலோமீற்றர் ஓடுபவருக்கு அது ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒருமுறை. வடித்த ஒயிலைக் கிணற்றடியில் ஊற்ற வேண்டாம்.

முக்கியமான இன்னொன்று. இடம்பெயரும்போது விட்டுப்போன வண்டி பற்றைக்குள் கிடக்கிறது, பாகம் கழற்றலாம் என்று யாரும் போகாதீர்கள். பழைய இரும்பு பொறுக்கவும் பிள்ளைகளை விடாதீர்கள். கண்ணிவெடி அகற்றி முடிந்த இடம் என்று உறுதியாகத் தெரியாத நிலத்தில் கால் வைக்க வேண்டாம். வண்டி கிடக்கும் இடத்தைக் கிராம அலுவலரிடம் சொல்லுங்கள்.

மா மரத்தடியில் ஒரு எம்டி90 நிற்கிறது. நேற்றுப் பின்னேரத்திலிருந்து அதை ஓடவில்லை. வெயில் ஏறமுன் வாருங்கள், முதலில் யார் மூடியைக் கழற்றப் போகிறீர்கள்?