எபிசோடு 41: இம்பால் மட்டக்குதிரைகளும் நானும்

போலோன்னு சொன்னா உங்களுக்கு முதல்ல என்ன ஞாபகம் வருது? காலர் வச்ச டி-ஷர்ட். ஒரு ஹேட்ச்பேக் கார். நடுவுல ஓட்டை போட்ட மிட்டாய். ஆபீஸ்ல நான் போலோ ரசிகன்னு தெரிஞ்சப்ப, "டேய், நீ அவ்வளவு பெரிய இடமா?"ன்னு கேட்டாங்க. இல்லப்பா. நான் மோரே தமிழன், அவ்வளவுதான்.

மோரே மணிப்பூர்ல இருக்கு, மியான்மர் பார்டர்ல. 1962ல பர்மாவுல ராணுவ ஆட்சி வந்ததுக்கு அப்புறம் நிறைய தமிழ்க் குடும்பங்கள் அங்கிருந்து தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்தாங்க. இங்க ஒட்டல. அதுல சில பேர் தரைவழியா மறுபடியும் பர்மாவுக்குப் போகப் பார்த்து, பார்டர்ல தடுத்துட்டதால மோரேயிலயே தங்கிட்டாங்க. எங்க தாத்தாவும் அதுல ஒருத்தர். அதுக்குத் தனி எபிசோடு போடணும். இன்னைக்கு விஷயம் என்னன்னா, ஆறாவதுல இருந்து என்னை இம்பால்ல ஒரு ஸ்கூல் ஹாஸ்டல்ல சேர்த்தாங்க. அங்கிருந்து நடக்கிற தூரத்துல மாபல் காங்ஜெய்புங்.

காங்ஜெய்புங்னா போலோ மைதானம். மாபல்னா வெளியே. பக்கத்துலயே காங்லா கோட்டை. அதுக்குள்ள மனுங் காங்ஜெய்புங்னு இன்னொரு மைதானம் உண்டு. உள்ளே ராஜாவும் பிரபுக்களும் ஆடுறது, வெளியே ஊர் ஜனம் ஆடுறது. உலகத்துல இன்னும் ஆட்டம் நடக்கிற மைதானங்கள்ல ரொம்பப் பழசுன்னு சொல்றது ஊர் ஜனத்தோட இந்த மைதானத்தைத்தான். நான் பார்த்த ஒரு மேட்சுக்கும் டிக்கெட் வாங்கினதில்ல.

அங்க ஆடுற பழைய ஆட்டத்துக்குப் பேரு சகோல் காங்ஜெய். சகோல்னா குதிரை. பக்கத்துக்கு ஏழு பேர். கோல் போஸ்ட் கிடையாது, எதிரணி எல்லைக்கோட்டைப் பந்து தாண்டினா கோல். பந்து மூங்கில் வேர்ல செஞ்சது. சில சமயம் ஆள் பந்தைக் கையில பிடிச்சு, மேல தூக்கிப்போட்டு, குதிரை ஓட ஓடவே அடிப்பான். கேலரியே எழுந்து நிக்கும். நவீன போலோவுல பக்கத்துக்கு நாலு பேர்தான், பந்தைக் கையில பிடிக்கவும் முடியாது. இம்பால்ல ரெண்டுமே ஆடுவாங்க. எனக்குப் பழசுதான் பிடிக்கும். இதுல நான் நடுநிலை எல்லாம் கிடையாது.

இது எப்படி பணக்காரங்க ஆட்டம் ஆச்சுன்னா, 1850கள்ல பக்கத்துல இருக்கிற கச்சார்ல மணிப்பூர்க்காரங்க ஆடுறதை ஆங்கிலேய அதிகாரிகளும் தேயிலைத் தோட்டக்காரங்களும் பார்த்து, தாங்களும் ஆட ஆரம்பிச்சாங்க. 1859ல சில்சார்ல ஒரு கிளப். 1862ல கல்கத்தா கிளப். அப்படியே இங்கிலாந்து, அர்ஜென்டினா. போலோங்கிற வார்த்தை கூட மணிப்பூர் வார்த்தை இல்ல, பந்துன்னு அர்த்தம் வர்ற 'புலு'ங்கிற பால்டி வார்த்தையில இருந்து வந்தது. ஆட்டம் ஒரு ஊர்ல இருந்து போச்சு, பேர் வேற ஊர்ல இருந்து ஒட்டிக்கிச்சு.

இதுல ஒரு விஷயம் எனக்கு இப்பவும் ஜீரணம் ஆகல. 1891 ஆங்கிலோ-மணிப்பூர் போர் முடிஞ்சதும் இளவரசர் திகேந்திரஜித்தைப் பிடிச்சு, ஆகஸ்ட் 13ஆம் தேதி பொதுமக்கள் முன்னாடி தூக்குல போட்டாங்க. அவர் பேர்போன போலோ ஆட்டக்காரர். தூக்கு மேடை போட்ட இடம் இதே மைதானம். எந்த ஊர் ஆட்டத்தைக் கத்துக்கிட்டாங்களோ, அந்த ஊர்லயே.

சரி, இப்போ குதிரைக்கு வர்றேன். மணிப்பூர் மட்டக்குதிரைக்குத் தோள் உயரம் நாலு அடி, மிஞ்சிப்போனா நாலேகால் அடி. முதல் தடவை பார்க்கிறவங்க "கழுதையா?"ன்னு கேப்பாங்க. ஆட்டம் தொடங்கினதும் அந்த மாதிரி கேக்க மாட்டாங்க. ஓட்டத்துல சடக்குனு நின்னு, நின்ன இடத்துலயே திரும்பி, மறுபடி பாயும். கேலரியில பாதிப் பேச்சு குதிரையைப் பத்தித்தான். "அந்தச் செவலை இன்னைக்கு மந்தமா இருக்கு, நேத்து சரியா மேயல போல"ன்னு ஒரு பாட்டி ஸ்கோர் போர்டைப் பார்க்காமலே சொல்லிட்டு இருப்பாங்க.

எனக்கு இதெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் ஒரு குதிரைக்காரர். நாங்க ஓஜான்னு கூப்பிடுவோம், அப்படின்னா வாத்தியார். ரெண்டு குதிரை வச்சிருந்தார், கொஞ்சம் வயல் உண்டு. அவர் ஆடினதே இல்ல. போட்டி வந்தா பக்கத்துக் கிளப் பசங்களுக்குக் குதிரையைக் கொடுப்பார். நிறைய குதிரைக்காரங்க இந்த மாதிரிதான். லாயம், தீவனச் செலவு, வேலையாள்னு எதுவும் இல்லாம இவங்களால எப்படிக் குதிரை வளர்க்க முடிஞ்சது? காலையில அவிழ்த்து விடுவாங்க, அது தானா ஈரநிலத்துல போய் மேயும், சாயங்காலம் வீடு திரும்பும். மணிப்பூர்ல இந்த ஆட்டம் சாதாரண ஜனங்க கையில தங்கினதுக்குக் காரணமே அந்த ஓசிப் புல்லுதான்.

அந்த ஈரநிலத்தை எல்லாம் இப்ப மண்ணைக் கொட்டி மூடிட்டாங்க. இம்பால்ல லாம்ஃபெல்பட்னு பெரிய சதுப்பு நிலம் இருந்தது. அதுல ஆபீஸ், ஆஸ்பத்திரி, குவார்ட்டர்ஸ்னு வந்துடுச்சு. நம்ம பள்ளிக்கரணை கதைதான். மேய இடம் இல்லாத குதிரை ரோட்டுக்கு வருது, குப்பையில பிளாஸ்டிக்கைத் தின்னுது, ராத்திரி வண்டியில அடிபடுது. 2003 கணக்கெடுப்புல 1,898 மட்டக்குதிரை. 2012ல 1,101.

இந்த நேரத்துல அர்ஜென்டினாவுல என்ன நடந்தது தெரியுமா? 2016 அர்ஜென்டினா ஓப்பன் இறுதிப் போட்டியில அடோல்ஃபோ காம்பியாசோ ஆறு குதிரையில மாறி மாறி ஆடி ஜெயிச்சார். ஆறுமே குவார்டெதெராங்கிற ஒரே குதிரையோட குளோன். டெக் ஆளா எனக்கு அது பிரமிப்பா இருந்தது. அதே வருஷம் மணிப்பூர் அரசு மட்டக்குதிரைப் பாதுகாப்புக்கு ஒரு கொள்கை கொண்டு வந்தது. 2023 ஜனவரியில ஹெய்ங்காங் மலையில போலோவோட தெய்வம் மார்ஜிங்குக்கு 122 அடி சிலை வச்சாங்க. குதிரை மேல உட்கார்ந்து கட்டையோட இருக்கார், நல்லாத்தான் இருக்கு. ஆனா சிலைக்கு உள்ள அவசரம் புல்லுக்கு இல்ல. மேய்ச்சல் நிலத்தைக் கொடுங்க, குதிரையை ஜனங்களே பார்த்துப்பாங்க. ஓஜா இருபது வருஷமா இதைத்தான் சொல்றார்.

நம்பிக்கை தர்ற விஷயமும் இருக்கு. பொண்ணுங்க நிறைய பேர் ஆட வந்திருக்காங்க. 2016ல இருந்து அவங்களுக்குன்னு ஒரு போட்டி நடந்தது, அமெரிக்காவுல இருந்து கூட அணி வந்தது. ரூபா பருவா எடுத்த 'டாட்டர்ஸ் ஆஃப் தி போலோ காட்' டாக்குமெண்டரி அவங்களைப் பத்தினதுதான், கிடைச்சா பாருங்க. பெரிய குதிரையில பழகின வெளிநாட்டு வீராங்கனைகள் இந்தச் சின்னக் குதிரையில ஏறி முதல் பத்து நிமிஷம் திணறுறதைப் பார்க்கிறதுல எங்க ஆளுங்களுக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

கேலரியில நான் எப்பவும் என் ரூம்மேட்டோட உட்காருவேன். அவன் குக்கி, ஓஜா மெய்தேய். 2023 மே 3க்கு அப்புறம் அவனால இம்பாலுக்கு வர முடியல, ஓஜாவால மோரே பக்கம் போக முடியல. தமிழன்ங்கிறதால நான் ரெண்டு பக்கமும் போயிட்டு வர்றேன். போன தடவை ஊருக்குப் போறப்ப ஓஜா வீட்டுல இறங்கினேன். இப்போ ஒரு குதிரைதான் இருக்கு. டீ கொடுத்துட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "உன் கூட வருவானே, அவன் எப்படி இருக்கான்?" நல்லா இருக்கான்னு சொன்னேன். குதிரை படம் ஒண்ணு எடுத்து அவனுக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். "வயசாயிடுச்சு போல"ன்னு பதில் வந்தது. குதிரையைச் சொன்னானா, ஓரத்துல நின்ன ஓஜாவைச் சொன்னானான்னு தெரியல. நான் கேக்கவும் இல்ல.

நவம்பர்ல எப்பவாவது இம்பால் போக வாய்ச்சா, மதியத்துக்கு மேல மாபல் காங்ஜெய்புங் போங்க. வெயில் முதுகுல படுற பக்கமா உட்காருங்க. பந்தைத் தேடாதீங்க, அது சின்னது, கண்ணுக்குச் சிக்காது. குதிரைங்க எந்தப் பக்கம் காதைத் திருப்புதுன்னு பாருங்க, பந்து அங்கதான் இருக்கும்.